இடது கைப் பக்கம் ஒரு பட்டன்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்தபோது, பிசியோதெரபி பார்த்த பெண் எங்களிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிட்டார். முதல் சில மாதங்களில் அந்தக் கை எவ்வளவு வேலை செய்கிறதோ அவ்வளவுதான் திரும்பி வரும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அப்புறம் என்று ஒன்று இருக்காது என்றார். என் கணவர் சுற்றுலா டாக்சி ஓட்டுபவர். இடது கைதான் கியர் போடும் கை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறி வருவதற்குள் அந்தக் கைக்கு எத்தனை வேலை என்று மலையில் குடியிருக்கிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கொடுத்தனுப்பிய பயிற்சிகளை அவர் செய்யவில்லை. ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கச் சொன்னால் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பார். துணி கிளிப்பைக் கயிற்றில் மாட்டச் சொன்னால் ஒன்று மாட்டிவிட்டுப் படுத்துவிடுவார். நான் சத்தம் போட்டால், "சரி புள்ள, செய்றேன்" என்பார். செய்ய மாட்டார். என்னைப் பயமுறுத்தியது கை இல்லை, அந்த "சரி புள்ள" தான். எதிரே வருகிற பஸ்காரர் வழி விடவில்லையென்றால் இரண்டு வளைவு தாண்டியும் கேட்கும்படி திட்டுகிற மனிதர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தண்ணீர் கேட்பதென்றால்கூட, "உனக்கு சோலி ஒண்ணும் இல்லேனா" என்று ஆரம்பித்தார். கட்டின பெண்டாட்டியிடம் இப்படி ஒரு மரியாதையா? எனக்கு அது அடியோடு பிடிக்கவில்லை.

நான் டவுனில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். அங்கே விளையாட்டு அறையைக் காபிக் கடையாக மாற்றியபோது, பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றைத் தூக்கிப் பின்னால் விறகுக் கொட்டகையில் போட்டார்கள். ஆள் உயரத்தில் பீரோ மாதிரி நிற்கும் பெட்டி. நெஞ்சு உயரத்தில் ஒரு பலகை. அதில் வலது கைக்குப் பட்டன்கள், இடது கைக்கு உருண்டைத் தலை வைத்த ஒரு பிடி. முன்னால், பின்னால், பக்கவாட்டில் தள்ளினால் திரையில் விமானம் போகும். நான் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கியர் ராடு மாதிரியே இருந்தது. அன்றைக்கே முதலாளியிடம் கேட்டேன். "எலி கடிச்சு வயரெல்லாம் போச்சுங்க, எரிக்கத்தான் ஆகும்" என்றார். எரிக்கிறதை நானே எரித்துக்கொள்கிறேன் என்று சொல்லி, காய்கறி ஏற்ற வந்த ஜீப்பில் போட்டு அட்டுவம்பட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் நான். படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தம் இல்லாமல் காலம் போய்விட்டது. ஆனாலும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தால் கை மறக்கவில்லை. எலி தின்ற வயரையெல்லாம் அறுத்தெறிந்தேன். விடுதியில் கழித்துப்போட்ட ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டரை உள்ளே வைத்தேன். செத்துப்போன பெரிய திரைக்குப் பதிலாக ஒரு தட்டையான மானிட்டர். பழைய விமான விளையாட்டு ஒன்றைப் போட்டு, அவரை முக்காலியில் உட்கார வைத்து, இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த உருண்டையின்மேல் வைத்தேன்.

"எனக்கு என்ன வயசுனு நெனச்ச?" என்றார்.

"வயசு எதுவோ இருக்கட்டும். சீசன் இல்லாதப்ப ஏரிக்கரையில சவாரிக்கு நிக்கிறேன்னு சொல்லிட்டு வீடியோ கேம் கடைக்குள்ள கெடந்தவரு யாராம்?"

சிரித்தார். கோணல் வாயோடு சிரித்தாலும் சிரிப்புதான். அன்று சாயங்காலம் அவருடைய விமானம் திரும்பத் திரும்பச் செத்தது. கை நழுவும், எடுத்து வைப்பார், மறுபடி நழுவும். ஸ்பாஞ்சுப் பந்தை இரண்டு முறை அமுக்க அலுத்துக்கொண்டவர், தான் பயிற்சி செய்கிறோம் என்பதையே மறந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டினார். நான் அடுப்படியில் நின்று எட்டிப் பார்த்து, வாயைத் திறக்காமல் இருந்தேன். பேசினால் கெட்டுவிடும்.

பிரச்சினை மறுநாள் காலையில் தெரிந்தது. அந்தப் பெட்டியை ஓட வைப்பது ஒரு பெரிய சடங்கு. பின்பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, உள்ளே கை விட்டுக் கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்த வேண்டும். மானிட்டருக்குத் தனி சுவிட்ச், ஸ்பீக்கருக்குத் தனி, மேலே பெயர்ப் பலகை மாதிரி இருந்த கண்ணாடிக்குள் எரியும் விளக்குக்குத் தனி. அணைக்கும்போது முதலில் கம்ப்யூட்டர் முறையாகப் படுத்து, பிறகுதான் மற்றது. ஒற்றைக் கையோடு, கால் இழுக்கிற ஒருவரால் இது ஆகாது. நான் வெள்ளனே பஸ் ஏறினால் திரும்ப இருட்டிவிடும். பகல் முழுவதும் பெட்டியும் கை மாதிரியே சும்மா கிடந்தது. போய்க்கொண்டிருந்ததோ அந்த முதல் சில மாதங்கள்.

ஒரே பட்டன். அழுத்தினால் எல்லாம் எரிய வேண்டும், இன்னொரு தரம் அழுத்தினால் எல்லாம் ஒழுங்காக அணைய வேண்டும். யாரையும் கூப்பிடாமல் அவரே செய்ய வேண்டும். இதை முடிக்காமல் ஓய்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாதி சுலபம். கம்ப்யூட்டரின் பட்டனுக்குப் பின்னால் இருப்பது இரண்டு ஊசிகள்தான். அவை ஒரு கணம் தொட்டுக்கொண்டால் கம்ப்யூட்டர் விழிக்கும். அங்கிருந்து இரண்டு வயர் இழுத்து, முன்பலகையில் வலது ஓரத்தில் ஒரு பட்டனுக்குக் கொடுத்தேன். விழித்திருக்கும்போது அதே பட்டனை அழுத்தினால், கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் மூடிவிட்டுப் படுக்கும்படி கம்ப்யூட்டரில் அமைத்தேன்.

மானிட்டரும் ஸ்பீக்கரும் விளக்கும்தான் படுத்தின. கம்ப்யூட்டரிலிருந்து வருகிற சின்ன மின்சாரத்தை வைத்து அவற்றின் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூட ஒரு ரிலே வேண்டும். சின்ன மின்சாரத்தை யுஎஸ்பி துளையிலிருந்து எடுத்தேன். போட்டால் எல்லாம் எரிந்தது. அணைத்தால் கம்ப்யூட்டர் மட்டும் படுத்தது, மற்றதெல்லாம் கோயில் திருவிழா மாதிரி எரிந்துகொண்டே இருந்தது. அணைந்த பிறகும் அந்தத் துளையில் மின்சாரம் நிற்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. கம்ப்யூட்டர் நிஜமாகவே ஓடும்போது மட்டும் உயிர் வருகிற மஞ்சள் வயர் ஒன்று உள்ளே உண்டு, பன்னிரண்டு வோல்ட். அதற்கு மாற்றினேன்.

"பன்னெண்டு வோல்ட்டா? வண்டி ஹாரன் ரிலே ஒண்ணு டேஷ்போர்டுல கெடக்கு, எடுத்துக்க" என்றார் அவர்.

"அது ஹாரனுக்கு. வீட்டுக் கரண்டை அதுல விட்டா நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து ஹாரன் அடிச்சிரும்."

சரியான ரிலேயை வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மூடிப் போட்டு, வயரையெல்லாம் கட்டி, கடைசியில்தான் பிளக்கைச் செருகினேன். பட்டனை அழுத்தச் சொன்னேன். திரை, சத்தம், விளக்கு, எல்லாம் ஒன்றாக விழித்தன. மறுபடி அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து எல்லாம் ஒன்றாக அணைந்தன. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமைக்கு ஆயுசு ஒரு கோடை மழைவரைக்கும்தான். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பகலில் என் கணவரை எட்டிப் பார்த்துக்கொள்வது அந்த அக்காதான். இங்கே எல்லா வீட்டிலும் ஒரு வழக்கம் உண்டு. மேகம் முதல் தடவை உறுமினாலே பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். அக்கா வீட்டில் ஒரு முறை இடியில் டிவி வெடித்திருக்கிறது. அதனால் அவர் தன் வீட்டுப் பிளக்கோடு நிறுத்துவதில்லை, எங்கள் வீட்டுக்குள்ளும் ஓடி வந்து பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார். அன்றும் அப்படியே. என் கணவர் விளையாடிக்கொண்டிருக்கும்போதே உருவிவிட்டார். நான் வந்து பார்த்தால், திடீரென்று மின்சாரம் போனதில் கம்ப்யூட்டருக்குள் இருந்ததெல்லாம் கெட்டு, கறுப்புத் திரையில் இரண்டு வரி வெள்ளை எழுத்து, வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

அக்காவிடம் கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. வழக்கத்தை மாற்றவும் முடியாது, இடி இடிக்கத்தான் செய்யும். பட்டனுக்குள் ஒரு சின்னச் சிவப்பு விளக்கை வைத்து அதையும் மஞ்சள் வயரிலேயே சேர்த்தேன். பிறகு அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"இந்தச் செவப்பு எரிஞ்சா பிளக்கைத் தொடாதீங்கக்கா. அது அணைஞ்சதும் பிடுங்குங்க."

"இடி வந்து விழுறவரைக்கும் நான் லைட்டப் பாத்துக்கிட்டு நிக்க ஏலாது தங்கச்சி."

"ரொம்ப நேரம் ஆகாது. அவரு பட்டனை அமுக்குனா வெரசா அணைஞ்சிரும்."

அக்காவுக்கு மனசில்லை. ஆனாலும் சரி என்றார்.

இத்தோடு முடிந்தது என்று நான் கருவிகளை எடுத்து வைத்துவிட்டேன். இரண்டொரு வாரம் என் கணவர் பகலெல்லாம் விளையாடினார். விரல்கள் உருண்டையை முன்னைவிடக் கெட்டியாகப் பிடித்தன. அப்போதுதான் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அந்தப் பட்டன எடது பக்கம் வைக்க முடியுமா? உனக்கு சோலி இல்லேனா."

"வலது கையால லேசா அமுக்குறீங்கள்ல?"

"அதான். வண்டிய ஸ்டார்ட் பண்றது ஒரு கை, ஓட்டுறது ஒரு கைன்னு இருக்கு."

சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். அவராக ஒன்று கேட்கிறார். அன்றைக்கே பலகையின் இடது ஓரத்தில் துளை போட்டு மாற்றினேன்.

மாற்றியதும் எல்லாம் பாழாயிற்று. இடது கையால் அவருக்குப் பட்டனை விரலால் குத்த வராது. மடங்கிய கையை அப்படியே தூக்கிப் பட்டன்மேல் போடுவார், கையின் பாரத்தில் அது அமுங்கும். ஆனால் அதே கையை உடனே எடுக்க முடியாது. அது கொஞ்ச நேரம் அங்கேயே கிடக்கும். கம்ப்யூட்டர் பட்டனுக்கு ஒரு குணம் உண்டு. நாலைந்து நொடி விடாமல் அழுத்தினால், ஏதோ ஆபத்து என்று நினைத்து அப்படியே செத்துவிடும். போடும்போது விழித்த உடனே சாகும். அணைக்கும்போது முறையாகப் படுக்காமல் பொத்தென்று விழும். பிளக்கைப் பிடுங்குவதற்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. மூன்றாவது முறை வெள்ளை எழுத்து வந்தபோது அவர் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"விட்டுரு புள்ள. பழையபடி வலது பக்கமே மாத்திரு. இந்தக் கை அவ்வளவுதான்."

"கை ஒழுங்காத்தான் அமுக்குது. பட்டன்தான் முட்டாள்" என்றேன்.

சமாதானத்துக்குச் சொன்னதில்லை. நிஜமாகவே எனக்கு அந்தப் பட்டன்மேல் அப்படி ஒரு ஆத்திரம். விரல் நன்றாக இருக்கிறவர்களுக்காகச் செய்த ஒரு விதி, என் வீட்டு மனிதரிடம் வந்து நீ அவ்வளவுதான் என்று சொல்வதா? கையை மாற்ற எனக்கு வழி தெரியாது. பட்டனை மாற்ற எனக்குத் தெரியும்.

விடுமுறை நாளில் பழைய பாடப் புத்தகத்தின் படங்களைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்தேன். பட்டனுக்குப் போகிற வயரின் நடுவில் ஒரு கெப்பாசிட்டரை வைத்தால், அழுத்தின மாத்திரத்தில் மின்சாரம் அதற்குள் பாய்ந்து நிரம்பும். நிரம்பியதும் பாய்ச்சல் நின்றுவிடும். கை பட்டன்மேலேயே கிடந்தாலும், விரலை எடுத்துவிட்டார்கள் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். நிரம்பினதை அடுத்த முறைக்குள் காலி செய்ய அதன் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர். மொத்தம் கடுகளவு சாமான்கள் இரண்டு. முதலில் போட்ட ரெசிஸ்டர் சின்னதாகப் போய், மின்சாரம் அதன் வழியாகவே ஓடி, பழைய கதையே நடந்தது. பெரியதாக மாற்றினேன். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுப்பில் பால் பொங்கும்வரை கையை எடுக்கவே இல்லை. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பால் வழிந்து அடுப்பெல்லாம் நாசம். நான் அங்கேயே நின்று சிரித்தேன்.

அதிலிருந்து அவர் போடுவது இடது கையால் ஆயிற்று. அணைப்பதுதான் ஆகவில்லை. விளையாடி முடித்ததும் கை களைத்து விறைத்துவிடும், தூக்கிப் பட்டன்மேல் வைக்க எழும்பாது. ஸ்பிரிங் கெட்டியாக இருக்கிறது, மெதுவானதாக மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "கியரு மெதுவாவா இருக்கு?" என்று மறுத்துவிட்டார். சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைப் பார்ப்பேன். கேட்க மாட்டேன். அவராகவே சொல்வார்.

"போட்டது இது. அணைச்சது அது."

இடது கையை முதலில் காட்டுவார், பிறகு வலது கையை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். நாட்கள் போய்க்கொண்டிருந்தன, அந்தப் பிசியோதெரபிப் பெண் சொன்ன முதல் சில மாதங்களும் முடியப் போகின்றன. வெளியே தைரியமாக இருந்தேனே தவிர, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மிச்சமிருக்கிற நாட்களை எண்ணுவேன். இதோடு நின்றுவிட்டால்? போடத்தான் முடியும், அணைக்க முடியாது என்று எங்கேயாவது கை நின்றுவிடுமா?

அன்று மதியத்துக்கு மேல் டவுனில் நல்ல இடி. போன் செய்தேன், சிக்னல் இல்லை. சாயங்காலம் தூறலில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பக்கத்து வீட்டு அக்கா குடையோடு தெரு முனையிலேயே நிற்கிறார். முகம் கறுத்திருந்தது. என்னவோ ஆகிவிட்டது என்று அவரிடம் ஓடினேன்.

"தங்கச்சி, ஒன் வீட்டுக்காரரு என்னைய அதட்டிட்டாரு" என்றார்.

"யாரு?"

"ஒன் வீட்டுக்காரருதான், வேற யாரு? மொத இடிக்கே நான் ஓடியாந்து பிளக்குல கைய வச்சிட்டேன். லைட்டு எரியுது. தம்பி, வலது கையால அமுத்தி விடுங்க, அடுத்த இடி வருது, சுணங்க ஏலாதுன்னேன். வலது கைய முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டாரு. அந்த ஏலாத கையத் தூக்குறாரு, அது வழுக்கி வழுக்கி விழுது. மனுசனுக்கு வேர்த்து ஊத்துது. நான் பொறுக்க மாட்டாம, நானே அமுத்துவோம்னு பட்டனுக்கிட்ட கையக் கொண்டு போனேன். போட்டாரு பாரு ஒரு சத்தம்! நல்லது செய்யப் போனவளுக்கு இதுதான் மரியாதையா?"

"அணைச்சாராக்கா?"

"அணைக்காம? அந்தச் சத்தத்தோடயே அந்த ஏலாத கையத் தூக்கிப் போட்டாரு. லைட்டு போச்சு, நான் பிளக்கப் புடுங்கினேன். அது கெடக்கட்டும், நீ வந்து என்னன்னு கேளு அவரை."

நான் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன சொல்லிக் கத்துனாருக்கா? அப்படியே சொல்லுங்க. எவ்வளவு சத்தமாக் கத்துனாரோ, அதே மாதிரி."

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குடையை என் கையில் கொடுத்துவிட்டு, மழையில் நின்றபடி, டீக்கடையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி என் கணவருடைய குரலில் கத்திக் காட்டினார்.

"கைய எடுக்கா! நான் அணைக்கிறேன்ல!"